மூலமும் உரையும்: அமைப்புக் கோப்பை ஆவணமாக எழுதுதல்

என் எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது. தமிழ் எழுத்துருவை 0.85 மடங்காகச் சுருக்கு என்பது அதன் பொருள். எழுதியவன் நான்தான், எதற்காக எழுதினேன் என்பது நினைவில் இல்லை. புதுக் கணினிக்கு மாறியபோது தேவையற்ற வரி என்று நினைத்து நீக்கிவிட்டேன். அன்று மாலை தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு கட்டுரையைத் திறந்தேன். தமிழ்ச் சொல் இருந்த வரிகள் உயரமாகவும் ஆங்கிலம் மட்டும் இருந்த வரிகள் குட்டையாகவும் திரை முழுக்க மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. காரணம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேலே வளையும் விலங்கும் கீழே இறங்கும் கொக்கியும் கொண்ட தமிழ் எழுத்து, அதே புள்ளி அளவில் ஆங்கில எழுத்தைவிட அதிக உயரம் கேட்கிறது. 0.85 என்பது ஒரு பிற்பகல் முழுக்க எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டடைந்த அளவு.

வரி தொலைந்தால் பழைய நகலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். காரணம் எந்த நகலிலும் இருக்கவில்லை.

மென்பொருளின் அமைப்புகளை வெறும் உரைக் கோப்பில் எழுதிவைக்கும் வழக்கம் யூனிக்ஸ் அளவுக்குப் பழையது. எந்தக் குறியீட்டில் எழுதுவது, எந்த வரிசையில் அடுக்குவது, ஒரே கோப்பா பல கோப்புகளா என்ற கேள்விகளுக்கு இதுவரை எத்தனையோ விடைகள் வந்துவிட்டன. படிக்க எவ்வளவு எளிது, கணினி எவ்வளவு வேகமாக வாசிக்கும் என்றெல்லாம் அவற்றை ஒப்பிட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே என் அளவுகோல் வேறு. அமைப்புக்குப் பக்கத்தில் அதன் காரணத்துக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

புள்ளியில் தொடங்கிய கதை

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு 'ஆர்சி' என்று முடியும் கோப்புகள் பழக்கமானவை: பேஷ்ஆர்சி, விம்ஆர்சி. அந்த இரண்டெழுத்து 1960களில் எம்ஐடியில் ஓடிய சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து வரிசையாக ஓட்டும் வசதிக்கு அங்கே 'ரன்காம்' என்று பெயர். அந்த மரபில் வந்த கோப்பைப் படிவம் போல நிரப்புவதில்லை. மேலிருந்து கீழாக ஓடும் கட்டளைத் தொடராக எழுதுகிறோம். வரிசை மாறினால் விளைவும் மாறும். இந்தக் குணம் பின்னால் முக்கியமாகும்.

பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துக் கோப்பை மறைக்கும் வழக்கமோ தற்செயலாக வந்தது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் அந்தக் கதையை எழுதினார். ஒவ்வோர் அடைவிலும் தன்னைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும் மேலடைவைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் உண்டு. 'எல்எஸ்' கட்டளை இந்த இரண்டையும் காட்டக் கூடாது. முழுப் பெயரையும் ஒப்பிடாமல், முதல் எழுத்து புள்ளி என்றால் தாண்டிவிடு என்று குறுக்குவழியில் எழுதிவிட்டார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயரும் மறைந்தது. மறைவான இடம் கிடைத்ததும் ஒவ்வொரு நிரலும் பயனரின் வீட்டு அடைவில் தனக்கென ஒரு கோப்பைப் போட்டுக்கொண்டது. 2003இல் வந்த எக்ஸ்டிஜி விதிமுறை அவற்றை ஒரே அடைவுக்குள் கொண்டுவர முயன்றது. எல்லா நிரல்களும் அதற்கு உடனே பணிந்துவிடவில்லை. இமேக்ஸ் எடிட்டர் 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பில்தான் அந்த இடத்தையும் பார்க்கத் தொடங்கியது.

குறியீடுகளுக்கு வருவோம். யூனிக்ஸின் பயனர் பட்டியல் கோப்பில் ஒரு பயனருக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு புலங்கள், இடையில் முக்காற்புள்ளி. கணினிக்கு மிகச் சுலபம். காரணம் எழுத இடமே இல்லை. விண்டோஸின் ஐஎன்ஐ கோப்புகளில் அரைப்புள்ளியில் தொடங்கும் குறிப்பு வரிகளை எழுத முடிந்தது. 1992இல் விண்டோஸ் 3.1இல் சிறிதாகத் தோன்றிய ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் 95இல் அமைப்புகளின் பெருங்கிடங்காக வளர்ந்தபோது அந்த வசதி போயிற்று. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றியவர் ஏன் மாற்றினேன் என்பதை அதே இடத்தில் எழுதிவைக்க வழி கிடையாது.

என் அளவுகோலில் மிகவும் தோற்பது ஜேசன். அதில் குறிப்பு வரிகளே இல்லை. மறதியால் விடுபட்டதல்ல. அதை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் வேண்டுமென்றேதான் எடுத்தார். குறிப்பு வரிகளுக்குள் வாசிக்கும் நிரலுக்கான ஆணைகளைச் சிலர் ஒளித்துவைக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படியே விட்டால் ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாக வாசிக்கும் என்று அவர் அஞ்சினார். இரண்டு கணினிகள் தமக்குள் தரவு பரிமாறிக்கொள்ளும் வடிவமாக இருந்தவரை அந்த முடிவு சரி. மனிதர் கையால் எழுதித் திருத்தும் அமைப்புக் கோப்புக்கும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டதுதான் தவறு. அந்தத் தவறின் விலையை இன்றும் கொடுக்கிறோம். பொய்ப் பெயரில் ஒரு புலம் உண்டாக்கி அதன் மதிப்பாகக் குறிப்பை எழுதிவைத்திருக்கும் ஜேசன் கோப்புகளைப் பார்க்காத நிரலாளர் குறைவு.

யாமல் என்ற வடிவத்தில் குறிப்புக்கு இடம் உண்டு. ஆனால் அதன் 1.1 பதிப்பில் 'நோ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது 'இல்லை' என்ற தர்க்க மதிப்பாகிவிடும். நாடுகளின் ஈரெழுத்துக் குறியீடுகளைப் பட்டியலிட்டால் நார்வே காணாமல் போகும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இதைத் திருத்தியும் பழைய விதிப்படி வாசிக்கும் நூலகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2013இல் தொடங்கிய டாமல், 2021இல் 1.0 ஆனது. தெளிவானது, குறிப்பு எழுத இடம் தருவது. சிறிய அமைப்புகளுக்கு இன்று நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

குறிப்பு வரி ஏன் போதவில்லை

குறிப்பு வரி இருந்தால் போதுமே, காரணத்தை அங்கே எழுதலாமே என்று கேட்கலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அனுபவத்தில் கண்டது இதுதான்: குறிப்பு வரி விருந்தாளி போல. நிரல் வீட்டுக்காரர், குறிப்பு திண்ணையில் ஓரமாக உட்கார வேண்டும். இரண்டு வரிக்கு மேல் எழுதக் கை கூசும். முயன்று தோற்ற மூன்று வழிகளை, ஒப்பிட்ட அளவுகளின் பட்டியலை, பின்னால் பார்க்க வேண்டிய சுட்டியை அங்கே யாரும் எழுதுவதில்லை. கடைசியில் மிஞ்சுவது 'இதை நீக்காதே' என்ற ஒரு வரி. ஏன் நீக்கக் கூடாது என்று அது சொல்லாது.

இன்னொரு விடை, கோப்பின் மாற்றங்களை வரலாறாகச் சேர்த்துவைக்கும் கிட். ஒவ்வொரு மாற்றத்தோடும் அதன் காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதலாம். எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று பின்னால் தேடலாம். நல்ல பழக்கம்தான், நானும் கைவிடவில்லை. ஆனால் கிட் காரணங்களைக் காலவரிசையில் அடுக்குகிறது. எழுத்துரு பற்றிய என் எண்ணங்கள் நான்கு ஆண்டுகளில் பதினோரு கமிட்டுகளில் சிதறிக் கிடந்தால், அவற்றைத் தொகுத்து ஒரு பத்தியாகப் படிக்க அங்கே வழியில்லை. ஒரு வரியை வேறு கோப்புக்கு நகர்த்திவிட்டால் தேடும் சங்கிலியும் சுலபமாக அறுந்துவிடும்.

மூன்றாவது விடை ஒன்று உண்டு. கணினிக்கான கோப்பைக் கையால் எழுதாமல், மனிதருக்கான ஒரு மூலத்திலிருந்து அதை உண்டாக்குவது. இதன் பழைய எடுத்துக்காட்டு செண்ட்மெயில். எரிக் ஆல்மன் எழுதிய அந்த அஞ்சல் நிரல் 1980களில் யூனிக்ஸ் உலகின் மின்னஞ்சல்களைச் சுமந்தது. அதன் அமைப்புக் கோப்பு, ஓரெழுத்து ஆணைகளும் டாலர் குறிகளும் நிறைந்த விதிகளின் காடு. அதைக் கையால் திருத்த முடியாது என்று ஆனபோது, எம்4 என்ற மேக்ரோ மொழியில் சில பத்து வரிகள் எழுதி அந்தப் பெரிய கோப்பை உண்டாக்கிக்கொள்ளும் முறை வந்தது. மூலம் ஒன்று, கணினி வாசிப்பது வேறொன்று என்ற பிரிவினை இங்கே வந்துவிட்டது. ஆனால் அந்த மூலமும் கணினியின் மொழியில்தான் இருந்தது. உரைநடைக்கு அதில் இடம் வரவில்லை.

க்னூத்தின் நெசவு

உரைநடையை முதலில் வைத்தவர் டொனால்ட் க்னூத். 1984இல் 'தி கம்ப்யூட்டர் ஜர்னல்' இதழில் அவர் எழுதிய கட்டுரை 'லிட்டரேட் புரோகிராமிங்' என்ற பெயரையே தலைப்பாகக் கொண்டது. உரையோடு கூடிய நிரலாக்கம் என்று சொல்லலாம். நிரலாளர் கணினிக்கு ஆணை எழுதுவதாக நினைப்பதை விட்டுவிட்டு, கணினி என்ன செய்ய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் என்பதை இன்னொரு மனிதருக்கு விளக்குவதாக நினைத்து எழுத வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதற்காக அவர் செய்த கருவியின் பெயர் வெப். வையவிரிவு வலை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் அந்தப் பெயரை வைத்துவிட்டார். ஒரே மூலக் கோப்பிலிருந்து 'வீவ்' என்ற நிரல் அச்சுக்கான ஆவணத்தை நெய்யும். 'டேங்கிள்' என்ற நிரல் கணினிக்கான பாஸ்கல் நிரலைப் பிரித்தெடுக்கும். மனிதரின் சிந்தனை வரிசையில் எழுதியதைக் கணினியின் வரிசைக்கு மாற்றும்போது மனிதர் கண்ணுக்கு அது சிக்கலாகத் தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

க்னூத் இதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. டெக் என்ற தம் அச்சுக்கோப்பு நிரலை முழுக்க இப்படியே எழுதினார். 1986இல் 'டெக்: தி புரோகிராம்' என்ற நூலாகவும் அது வெளிவந்தது, எண்ணிட்ட 1,380 பகுதிகள். நிரலை நூலாகத் தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கலாம். 1989இல் நார்மன் ராம்ஸி எழுதிய நோவெப், எந்த நிரல்மொழிக்கும் பொருந்தும்படி இந்த முறையை எளிமையாக்கியது.

தமிழ் வாசகருக்கு இந்த வடிவம் அந்நியமானதல்ல. நூற்பா தனியாக நிற்காது. உரை உடன் வரும். 'மூலமும் உரையும்' என்று அட்டையில் அச்சிட்ட நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். நூற்பாவின் சுருக்கத்தை உரை குலைப்பதில்லை. அந்தச் சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று காட்டுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அமைப்புக் கோப்பில் மூலத்தை எழுதியவரும் உரை எழுதுகிறவரும் ஒருவரே. உரை தேவைப்படுவதும் பெரும்பாலும் அவருக்கேதான், சில ஆண்டுகள் கழித்து.

மென்பொருள் நிறுவனங்களில் க்னூத்தின் முறை வேரூன்றவில்லை. பலர் கூடி எழுதும் நிரலில் உரையும் நிரலும் சேர்ந்து மாற வேண்டும். அந்த உழைப்புக்கு நேரம் ஒதுக்க யாரும் தயாராக இல்லை. ஆனால் அமைப்புக் கோப்பு வேறு வகை. ஒருவரே எழுதுகிறார். பெரும்பாலும் ஒன்றையொன்று சாராத சிறு துண்டுகள். ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று வரிதான். அதற்குப் பின்னால் உள்ள காரணமோ கோப்புக்கு வெளியே இருக்கிறது: திரையின் அளவில், கை வலியில், மொழியில், பழைய பதிப்பொன்றின் பிழையில். ஒரு கணக்கீட்டு நிரலைக் கூர்ந்து படித்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். 0.85 என்ற எண்ணை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் எதுவும் கிடைக்காது. அதனால்தான் உரையோடு கூடிய நிரலாக்கத்துக்கு நிரல்களைவிட அமைப்புக் கோப்புகளே பொருத்தமான வீடு என்கிறேன்.

ஆர்க் கோப்புக்குள்

அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தது இமேக்ஸின் ஆர்க் மோட். ஆம்ஸ்டர்டாமில் வானியலாளராக இருந்த கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தம் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்த எழுதியது. தலைப்புகளுக்கு முன்னால் நட்சத்திரக் குறி. ஒரு நட்சத்திரம் பெருந்தலைப்பு, இரண்டு உள்தலைப்பு. ஒரு விசையை அழுத்தினால் தலைப்பு சுருங்கும், விரியும். 2007இல் இமேக்ஸ் 22உடன் சேர்ந்தே வரத் தொடங்கியது. எரிக் ஷுல்ட், டான் டேவிசன் இருவரும் உருவாக்கிய பேபல் என்ற பகுதி 2010இல் ஆர்க்கின் அங்கமானது. அதன்பின் தலைப்புக்குக் கீழே உரைநடை, உரைநடைக்கு நடுவே நிரல் துண்டு, பல மொழிகளின் துண்டுகள் ஒரே கோப்பில் என்று எழுத முடிந்தது. 2012இல் 'ஜர்னல் ஆஃப் ஸ்டாடிஸ்டிகல் சாஃப்ட்வேர்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, ஆய்வுகளை மற்றவர் மறுபடி செய்துபார்க்கும்படி எழுதும் வழியாக இதை முன்வைத்தது. இமேக்ஸ் பயனர்கள் இதைத் தங்கள் அமைப்புக் கோப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். சாஷா சுவா போன்றவர்கள் தங்கள் அமைப்புகளை இப்படி எழுதி எல்லாரும் படிக்க வெளியிட்டார்கள். ஒருவரின் அமைப்புக் கோப்பை இன்னொருவர் கட்டுரை போல உட்கார்ந்து படிப்பது அதனால்தான் கூடிவந்தது.

வேலை செய்யும் விதம் இது. ஒவ்வொரு துண்டின் தலைவரியிலும் அது எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்று எழுதலாம். 'டேங்கிள்' ஆணையைக் கொடுத்தால் துண்டுகள் பிரிந்து அந்தந்தக் கோப்பில் போய்ச் சேரும். அடைவு இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ளச் சொல்லலாம். ஆகவே இமேக்ஸ் அமைப்பு மட்டுமல்ல, பேஷ், கிட், எஸ்எஸ்எச் எல்லாவற்றின் கோப்புகளும் ஒரே ஆவணத்திலிருந்து பிறக்க முடியும். அதே தலைவரியில் 'டேங்கிள் வேண்டாம்' என்றால் அந்தத் துண்டு ஆவணத்தில் இருக்கும், கணினிக்குப் போகாது. முயன்று கைவிட்ட அமைப்புகளை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஏன் கைவிட்டேன் என்ற இரண்டு வாக்கியங்களோடு. தலைப்பின் முன்னால் 'கமெண்ட்' என்ற சொல்லை ஆங்கிலப் பேரெழுத்தில் சேர்த்தால் அந்தத் தலைப்பின் கீழுள்ள அத்தனையும் விலகி நிற்கும். ஏதோ ஒரு பேக்கேஜ் தகராறு செய்கிறதா என்று சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை.

இன்னும் ஆழமான வசதிகளும் உண்டு. ஒரு துண்டுக்குப் பெயரிட்டு, இன்னொரு துண்டின் நடுவே இரட்டைக் கோண அடைப்புக்குள் அந்தப் பெயரை எழுதினால் முதல் துண்டு அங்கே போய் உட்காரும். இந்தக் குறியீடு நோவெப்பிலிருந்து வந்தது. ஆவணத்தில் ஓர் அட்டவணை போட்டு, அந்த அட்டவணையையே நிரல் துண்டுக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம். என் விசைச் சேர்க்கைகள் அப்படி ஓர் அட்டவணையில் இருக்கின்றன: முதல் பத்தி விசை, இரண்டாவது செயல், மூன்றாவது காரணம். மூன்றாவது பத்தியைக் கணினி கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் தேவை.

தலைப்புகளை எப்படி அடுக்குவது? இதில் இரண்டு கட்சி. பேக்கேஜ் ஒன்றுக்குத் தலைப்பு ஒன்று என்பது ஒரு கட்சி. ஜான் வீக்லி 2012இல் எழுதிய யூஸ்-பேக்கேஜ் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. ஒரு பேக்கேஜின் நிறுவல், அமைப்பு, விசைகள் எல்லாவற்றையும் ஒரே அடைப்புக்குள் கட்டுகிறது. 2023இல் இமேக்ஸ் 29இல் அது உடன்வரும் பகுதியாகிவிட்டது. இன்னொரு கட்சி, செய்யும் வேலையை வைத்துத் தலைப்பிடுவது: 'தமிழில் எழுத', 'அஞ்சல் படிக்க', 'கணக்கு எழுத'. நான் இரண்டாம் கட்சி. எழுத்துரு, உள்ளீட்டு முறை, பிழை திருத்தி ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தாலும் தமிழில் எழுதும்போது ஒன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஒன்று மாறினால் மற்றவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பேக்கேஜ் பெயரால் அடுக்கிய கோப்பில் இந்த உறவு கண்ணில் படாது.

ஒரு பொருளுக்கு மட்டும் இந்த ஆவணத்தில் இடமில்லை: கடவுச்சொல். ஆவணம் நாளை யாருக்காவது அனுப்பப்படும். கடவுச்சொற்கள் மறைகுறியாக்கிய தனிக் கோப்பில் இருக்கட்டும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். இமேக்ஸின் பட்டியல் திரை வழியாக ஓர் அமைப்பை மாற்றினால், இமேக்ஸ் தானே தொடக்கக் கோப்பின் உள்ளே அதை எழுதிவிடும். ஆர்க்கிலிருந்து பிறந்த கோப்பில் அப்படி எழுதினால் அடுத்த டேங்கிளில் அழிந்துபோகும். அந்த எழுத்துகள் போய்ச் சேர வேறொரு கோப்பைக் காட்டிவிடுங்கள்.

எதிர்ப்பக்கம்

இந்த முறையை எடுத்துப் பின் விட்டுவிட்டவர்களும் கணிசம். அவர்கள் சொல்லும் குறைகள் உண்மையானவை.

முதல் குறை, பிழை வரும்போது தெரிகிறது. கணினி வாசிப்பது பிறந்த கோப்பை. பிழைச் செய்தியும் அதைத்தான் காட்டும். நீங்கள் திருத்த வேண்டியதோ மூலத்தில் வேறு எங்கோ இருக்கிறது. இமேக்ஸ் அமைப்பை எழுதும் லிஸ்ப் மொழியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் அந்தத் துண்டோடு நிற்காது. பின்னால் வரும் அத்தனை துண்டையும் விழுங்கி, கோப்பின் முடிவில் போய்த்தான் குறை சொல்லும். ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முழுமையான வாக்கியமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இதற்கு ஓரளவு மருந்து. துண்டைத் தனிச் சாளரத்தில் திறந்து திருத்தினால் அடைப்புக்குறிகளை எடிட்டரே சரிபார்க்க உதவும்.

அவசரத்தில் பிறந்த கோப்பைத் திருத்திவிட்டு மூலத்தை மறப்பது அடுத்தது. அடுத்த டேங்கிளில் திருத்தம் போய்விடும். துண்டுகளோடு மூலத்துக்கான சுட்டிகளையும் குறிப்பு வரியாக எழுதச் சொன்னால், திருத்தத்தைத் திரும்ப மூலத்துக்குக் கொண்டுபோக ஆர்க்கில் வழி உண்டு. எனக்கு அது அவ்வளவு ஒத்துவரவில்லை; கோப்பு அந்தச் சுட்டிகளால் நிறைந்துவிடுகிறது. பிறந்த கோப்பைப் படிக்க மட்டும் அனுமதித்துப் பூட்டிவைப்பது எளிது.

கடைசியாக ஒரு முட்டை-கோழிச் சிக்கல். அமைப்பை ஏற்ற ஆர்க் தேவை. ஆனால் ஆர்க்கின் புதிய பதிப்பை நிறுவச் சொல்லும் வரி அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. இமேக்ஸோடு வந்த பழைய ஆர்க் முதலில் ஏறிவிட, பிறகு புதியது பாதி ஏற, இரண்டும் கலந்து பதிப்பு பொருந்தவில்லை என்ற பிழை வரும். இதற்கு உறுதியான தீர்வு ஒன்றே: இமேக்ஸ் தொடங்கும்போது டேங்கிள் செய்யாதீர்கள். கோப்பைச் சேமிக்கும்போதே செய்துவிடுங்கள். தொடக்கத்தில் பிறந்த கோப்பு மட்டும் ஏறட்டும். தொடங்கும் நேரமும் குறையும்.

விட்டுப்போனவர்கள் பலர் போய்ச் சேர்ந்த நடுவழியையும் சொல்ல வேண்டும். லிஸ்ப் கோப்பிலேயே மூன்று அரைப்புள்ளியில் தொடங்கும் குறிப்பைப் பெருந்தலைப்பாகவும் நான்கில் தொடங்குவதை உள்தலைப்பாகவும் கொள்வது பழைய மரபு. இமேக்ஸின் அவுட்லைன் வசதி அவற்றை ஆர்க் போலவே சுருக்கி விரிக்கும். ஒரே கோப்பு, டேங்கிள் இல்லை, பிழை வரி சரியாக வரும். இருநூறு வரிக்குள் அமைப்பு இருப்பவருக்கு இது போதும், ஆர்க் தேவையில்லை. அட்டவணை, பல கோப்புகள், கைவிட்ட முயற்சிகளின் வரலாறு என்று வளரும்போதுதான் முழு ஆவணம் தன் உழைப்புக்கு ஈடு கொடுக்கும்.

ஆவணம் ஆணையாகும்போது

இதுவரை பார்த்தது அமைப்பை ஆவணமாக எழுதுவது. எதிர்த்திசையும் உண்டு: ஆவணத்துக்குள் அமைப்பை எழுதுவது. விம் எடிட்டரில் ஓர் உரைக் கோப்பின் முதல் அல்லது கடைசி வரிகளில் 'மோட்லைன்' எழுதினால், அந்தக் கோப்பைத் திறக்கும்போது அதன்படி எடிட்டர் தன்னை மாற்றிக்கொள்ளும். இமேக்ஸிலும் அதற்கு இணையான மரபு உண்டு. 2008இல் வந்த ஜெகில் என்ற இணையத்தள உருவாக்கி, கட்டுரைக் கோப்பின் தலையில் மூன்று கோடுகளுக்கு இடையே யாமல் எழுதும் 'ஃபிரண்ட் மேட்டர்' முறையைப் பரப்பியது. ஜெகிலை எழுதியவரும் டாமலைத் தொடங்கிய பிரெஸ்டன்-வெர்னர்தான். தலைப்பு, தேதி, வகை எல்லாம் கட்டுரையோடே பயணிக்கும். கோப்பை எங்கே நகர்த்தினாலும் அதன் அமைப்பு பிரியாது என்பது பெரிய நன்மை.

ஆபத்தும் அதே இடத்தில்தான். 2019 ஜூனில் விம்மின் மோட்லைனில் ஓர் ஓட்டை வெளிவந்தது. கவனமாகச் செய்த ஓர் உரைக் கோப்பைத் திறந்தாலே போதும், அதில் எழுதியவரின் கட்டளை உங்கள் கணினியில் ஓடிவிடும். 8.1.1365 ஒட்டில் அதைச் சரிசெய்தார்கள். 2024 ஜூனில் இமேக்ஸ் 29.4 அவசரப் பதிப்பாக வந்தது. ஆர்க் மோட் தொடங்கும்போதே ஷெல் கட்டளைகள் ஓட வழிவிட்ட ஓர் ஓட்டை அதற்குக் காரணம். உரைக் கோப்புதானே, என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கை இனிச் செல்லாது. நிரலைத் தாங்கும் ஆவணம் நிரல்தான். பிறர் அனுப்பும் ஆர்க் கோப்பைத் திறக்கும்போது அந்த எச்சரிக்கை வேண்டும். துண்டை ஓட்டலாமா என்று ஒவ்வொரு முறையும் ஆர்க் கேட்கும் கேள்வி தொந்தரவாக இருக்கிறது என்று பலர் அணைத்துவைக்கிறார்கள். உங்கள் சொந்தக் கோப்புக்கு மட்டும் அணையுங்கள், எல்லாவற்றுக்கும் அணைக்காதீர்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் இருக்கும் கோப்பிலேயே தலைப்புகள் போட்டு எழுதட்டும். காரணங்கள் அமைப்புகளைவிட நீளமாகும் நாளில் ஆர்க் கோப்புக்கு மாறட்டும். சேமிக்கும்போதே டேங்கிள் செய்யட்டும். வேலையின் பெயரால் தலைப்பிடட்டும். வேறு எடிட்டர் பயன்படுத்துகிறவர்கள், அமைப்பு ஜேசனில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவர்கள், அதே அடைவில் ஒரு வெறும் உரைக் கோப்பைத் திறந்து காரணங்களை அதில் எழுதட்டும். அது அரைகுறைத் தீர்வுதான். ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

என் ஆர்க் கோப்பில் 'தமிழில் எழுத' என்ற தலைப்பின் கீழ் அந்த 0.85 இப்போது திரும்ப இருக்கிறது. அதற்கு மேலே நான்கு வாக்கியங்கள்: எந்த எழுத்துரு, எந்தத் திரை, எந்தெந்த எண்களை முயன்றேன், நீக்கினால் என்ன ஆகும். கீழே எழுதிய தேதி. உங்கள் அமைப்புக் கோப்பிலும் அப்படி ஒரு வரி இருக்கும். காரணம் இன்னும் நினைவில் இருக்கும்போதே அதை எழுதிவையுங்கள்.